பெல்ட்டு மாட்டாத எஞ்சின்

எதையும் இழுக்காமல் சும்மா ஓடுகிற எஞ்சின் அப்படி வெடிக்கக் கூடாது.

அரசுவுக்கு அது காதில் படுவதற்கு முன்னால் வயிற்றில் பட்டது. கடலூர் முதுநகரில், சிதம்பரம் சாலையை ஒட்டிய அவனுடைய லேத்துப் பட்டறையின் தகரக் கூரைக்குக் கீழே, அந்தப் பழைய கேஸ் எஞ்சின் பல வருடங்களுக்குப் பிறகு முதன்முதலாக மூச்சு விட்டிருந்தது. நெஞ்சுயரச் சக்கரங்கள் இரண்டும் புதுப் பச்சைப் பெயிண்ட் மின்ன உருண்டன. வீட்டு அடுப்புக்குப் போகவேண்டிய சிலிண்டரிலிருந்து ஆரஞ்சுக் குழாய் வழியாக வாயு போய்க்கொண்டிருந்தது. வெளியே, புயல் சின்னம் வலுப்பெறுகிறது என்று டிவியில் சொன்னதற்கு ஏற்ப வானம் மதியத்திலேயே மங்கி, ஈயம் பூசிய பாத்திரத்தின் உட்புறம் போல முதுநகரின் மேல் கவிழ்ந்து கிடந்தது.

இந்த ஜாதி எஞ்சினுக்கு ஒரு குணம் உண்டு. ஒரு தடவை வெடித்துச் சக்கரத்துக்கு ஒரு தள்ளு கொடுத்துவிட்டு, அந்தத் தள்ளிலேயே பல சுற்று உருளும். வேகம் தளர்ந்தால்தான் கவர்னர் என்கிற சின்னக் கொக்கி விலகி அடுத்த வெடிக்கு வழி விடும். டப். பிறகு புஸ், புஸ், புஸ், புஸ் என்று வெறும் மூச்சு. பிறகு ஒரு டப். பெல்ட்டு மாட்டி நெல் அரைக்கும் மெஷினையோ தண்ணீர் பம்பையோ இழுக்க விட்டால் மட்டும் மூச்சு குறையும், வெடி கூடும். எவ்வளவு பாரமோ அவ்வளவு வெடி. பழகின காதுக்கு, கண்ணை மூடிக்கொண்டே எஞ்சின் என்ன பாரம் இழுக்கிறது என்று சொல்ல முடியும்.

அரசு எதையும் மாட்டவில்லை. புதிதாக வார்த்துப் பூட்டிய புல்லி, பெல்ட்டு ஓட வேண்டிய சக்கரம், வெறும் காற்றில் சுழன்றுகொண்டிருந்தது.

டப். புஸ், புஸ். டப். புஸ். டப். டப்.

அச்சு எங்கோ இறுகியிருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு எஞ்சினை நிறுத்தினான். அச்சு உருளும் தாங்கிகளின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். இறுக்கம் என்றால் சுட வேண்டும். அவை மாட்டுத் தொட்டித் தண்ணீர் போலக் குளிர்ந்திருந்தன.

அப்படியானால் அந்தச் சக்தியெல்லாம் எங்கே போயிற்று?

அவன் மனைவி இளவரசி, தன் தம்பி ராஜ்கமலின் மனைவிக்குப் பிரசவம் ஆனதால், ஒத்தாசைக்கு மகளையும் அழைத்துக்கொண்டு சிதம்பரத்துக்குப் போயிருந்தாள். மழைக்குப் பள்ளிக்கூடம் லீவு. ஆளில்லாத வீட்டில் பேசுவதற்கு ஒரு குரல் வேண்டும் போலிருந்தது. மச்சானுக்கு வீடியோவில் எஞ்சினை ஒரு நிமிடம் கிளப்பிக் காட்டினான்.

"மாமா, அடுப்பு கேஸ அதுல சொருவியிருக்க! எங்கக்கா பாத்துதுன்னா அந்தச் சக்கரத்துலயே ஒன்னையும் வச்சிக் கட்டும்" என்றான் ராஜ்கமல். பின்னால் பச்சைக் குழந்தை அழுதது.

"டேய் மச்சான், ஜனவரில பாண்டிச்சேரி பழைய எஞ்சின் கண்காட்சிக்குக் கொண்டுபோறேன் பாரு. இங்க்லீஷ்காரன் எஞ்சின் எல்லாம் ஓரமா நிக்கும்."

"அத மொதல்ல வாயத் தெறந்து பேச வையி மாமா. இருமுற கெழவன் மாதிரி இருமுது."

அந்த எஞ்சினைக் கண்டுபிடித்துக் கொடுத்தவனே ராஜ்கமல்தான். கொள்ளிடக் கரைப் பக்கம், வல்லம்படுகையில் ஓடு சரிந்து கிடந்த ஒரு ரைஸ் மில்லில், மக்கிப்போன உமிக் குவியலுக்கு அடியில் அது புதைந்திருந்தது. அந்தக் காலத்தில் கரியை மூட்டி வருகிற வாயுவில் ஓடிய எஞ்சின். சீமையில் செய்தது என்று நம்பித்தான் அரசு ஏற்றி வந்தான். துருவைச் சுரண்டிக்கொண்டே போனபோது, சக்கரத்தின் நடுவில் அச்சைப் பிடிக்கிற குடத்துக்கு உள்பக்கம், கண்ணுக்குப் படாத இடத்தில், வார்ப்பிலேயே எழுந்த தமிழ் எழுத்துகள் தெரிந்தன. சிற்றம்பலம் வார்ப்படம், கடலூர். சீமை எஞ்சினைப் பார்த்து இந்த ஊர்க் கொல்லர்கள் வார்த்து இழைத்த நகல். அன்றிரவு அவனுக்குத் தூக்கம் வரவில்லை. யாரென்றே தெரியாத அந்த மனிதர்கள் ஏதோ ஒரு தெருவில் கரிப்புகைக்கு நடுவே குனிந்து நிற்பதாக நினைத்துக்கொண்டே கிடந்தான்.

ஒரே ஒரு குறை. புல்லி இருக்க வேண்டிய பக்கத்தில் அச்சு மொட்டையாக அறுக்கப்பட்டிருந்தது. பழைய இரும்புக்காக யாரோ திருடியிருக்கிறார்கள் என்று நினைத்தான். பழைய எஞ்சின்களை மீட்கிறவர்களுக்கு ஒரு பித்து உண்டு. செய்தவன் எப்படிச் செய்தானோ அப்படியே நிற்க வேண்டும், ஒரு திருகாணி குறையக் கூடாது. மரத்தில் வார்ப்புக்கு மாதிரி கடைந்து, புல்லி வார்க்கக் கொடுத்து, அறுந்த முனையை நீட்டிப் பற்றவைத்து, தன் கையாலேயே அடித்துப் பூட்டினான். பூட்டிய அன்று அந்த வெற்றுப் புல்லியைத் தட்டிப் பார்த்தபோது அது கோயில் மணி போல நெடுநேரம் ஒலித்ததில் அவனுக்கு ஒரே சந்தோஷம்.

எஞ்சினை ஓட்டிப் பார்த்த அன்று சாயங்காலம் மில்லின் வாட்ச்மேன் சாமிக்கண்ணு போன் செய்தார். குரலில் லேசாகச் சரக்கு வாடை அடிப்பது போலிருந்தது.

"தம்பி, நீங்க எடுத்துட்டுப் போனது எஞ்சின் மட்டுந்தான?"

"ஆமாண்ணே. ஏன்?"

"இல்ல, எஞ்சின் இருந்த குழிலேருந்து எதையோ இழுத்துட்டுப் போயிருக்கானுவ. நெல்லு மூட்டய நாலு பேரு தரதரன்னு இழுத்தா எப்பிடித் தடம் இருக்கும், அது கணக்கா. வாசப்படி வரைக்கும் இருக்குது, அப்புறம் நேரா வயல்ல எறங்கியிருக்குது. வண்டித் தடம் இல்ல, கால் தடம் இல்ல. எங் காலுதான் ரெண்டு கெடக்குது."

"நீங்க சாப்ட்டுட்டு நடந்ததா இருக்கும்ண்ணே."

"நான் சாப்ட்டா நேராவா தம்பி நடப்பேன்? இது கோடு போட்ட மாதிரி போவுது" என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டார்.

மறுநாள் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினார்கள். படகுகள் ஆற்றுக்குள் ஒதுங்கின, பட்டறைக்கு ஆட்கள் வரவில்லை, மின்சாரத்தையும் முன்னெச்சரிக்கையாக நிறுத்திவிட்டார்கள். தகரக் கூரையில் மழை ஆணி கொட்டுவது போல விழ, அரசு சும்மா உட்கார முடியாமல் தாங்கிகளைக் கழற்றித் துடைத்து, எண்ணெய் மாற்றி, ஒரு விரல் தள்ளினாலே உருளும்படி சக்கரத்தை இளக்கிவிட்டு, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மறுபடி எஞ்சினைக் கிளப்பினான். தப்பு எங்கே என்று தெரிந்தாக வேண்டும்.

இந்தத் தடவை அது நேற்றைப் போலத் தயங்கவில்லை. நான்கைந்து சுற்றிலேயே பாரம் ஏறிவிட்டது. டப், டப், டப், டப் என்று ஒன்றுவிடாமல் வெடித்து, முழுச் சுமை இழுக்கிற எருதைப் போலக் கழுத்தைத் தாழ்த்திக்கொண்டு உழைத்தது. அடித்தளத்து மரக்கட்டைகள் முனகின. மழையின் ஈர வாடைக்கும் எண்ணெய்ப் புகைக்கும் நடுவே வேறொரு வாசனை மெல்ல எழுந்து வந்தது. சூடேறிய தோல். பழைய மில்களில் தோல் பெல்ட்டு வழுக்காமல் இருக்கக் குங்கிலியம் தடவுவார்களே, அது கருகுகிற வாசனை.

பட்டறையில் தோல் பெல்ட்டே கிடையாது.

கை துடைக்கிற நூல் வேஸ்டில் ஒரு பிடி எடுத்து, பெல்ட்டு என்று ஒன்று இருந்திருந்தால் அது எங்கே ஓடுமோ அந்த இடத்துக்கு நேராக, புல்லிக்கு முன்னால், தூரத்திலிருந்தே நீட்டினான். நூல்கள் ஒவ்வொன்றாக எழுந்து நீட்டி நின்றன. எல்லாம் ஒரே திசையில். வாரிவிட்ட தலைமயிர் போல. சட்டென்று அவன் விரலிலிருந்து அந்தப் பிடியே பறிபோய், புல்லியின் பளபளப்பான முகத்தில் அறைந்து, அடியில் போய் மறைந்தது.

அவன் பின்வாங்கினான். புல்லிக்கு நேரே பார்த்தான். திறந்த கதவு, கதவுக்கு வெளியே தெற்கே போகும் சாலை, சாலைமேல் மழை. வேறொன்றும் இல்லை.

அப்போது போன் அடித்தது. இளவரசி. வாயுக் குழாயின் திருகை மூடினான். எஞ்சின் உருண்டுகொண்டே போய்த் தளர்ந்து நிற்பதற்கு இடம் கொடாமல், சட்டென்று, யாரோ பிடித்து நிறுத்தியது போல நின்றது.

"என்னாங்க, அங்க நில அதிர்ச்சி மாதிரி ஏதாவது தெரிஞ்சிதா?" அவள் மூச்சு வாங்கினாள். "இங்க தோட்டத்துப் பக்கத்துலேருந்து என்னமோ மூட்டைய இழுக்கற மாதிரி சத்தம். கிட்டக் கிட்ட வந்து, சமையக்கட்டு செவுரு கிடுகிடுன்னுச்சிங்க. பாத்திரம் எல்லாம் உருண்டுபோச்சி. அப்புறம் நின்னுடிச்சி."

"எப்போ நின்னுச்சி?"

"இப்பதான். ஒங்களுக்குப் போன் போட்டுக் கையில வச்சிருக்கேன், நீங்க எடுத்தீங்க, நின்னுடிச்சி."

அரசு தான் மூடிய திருகைப் பார்த்தான்.

"வீடு பூரா ஒரே உமிப் பொக நாத்தம்ங்க. கொழந்தைக்கு ஆவாதுன்னு சாம்பிராணி கூடப் போடல நாங்க."

பிறகு கூப்பிடுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டு, போனில் வரைபடத்தைத் திறந்து, மேசைமேல் கிடந்த இரும்பு ஸ்கேலை எடுத்துத் திரையின் மேல் வைத்தான். ஒரு முனை வல்லம்படுகை மில். மறு முனை தன் பட்டறை. ஸ்கேலின் விளிம்பு கொள்ளிடக் கரை வயல்களைக் கடந்து சிதம்பரத்தில் அம்மாபேட்டைக்குள் நுழைந்தது. ராஜ்கமலின் தெரு. ராஜ்கமலின் வீடு. அதற்கு அப்பால் பி.முட்லூர், புதுச்சத்திரம், ஆலப்பாக்கம், கடலூர். ஸ்கேலை எடுத்தான். மறுபடி வைத்தான். அதே வீடு.

சாமிக்கண்ணுவைக் கூப்பிட்டான். சுற்றி வளைக்கத் தெம்பில்லை.

"அண்ணே, அந்த எஞ்சினோட புல்லிய யாரு அறுத்தது?"

"அதுவா? எங்கப்பாரு சொல்லுவாரு. செஞ்சவங்களே கடலூர்லேருந்து வண்டி கட்டிகினு வந்து, பட்டறைக்காரங்க மூணு பேரும், ரம்பம் போட்டு அறுத்துட்டுப் போனாங்களாம். மில்லுக்காரரு கத்துனாராம், புல்லி இல்லாம எஞ்சின வச்சி நான் என்னாய்யா பொங்கலா வைக்கிறதுன்னு. அவங்க, சும்மா ஓடட்டும், அது எதையும் இழுக்க வேணாம்னு மட்டும் சொன்னாங்களாம். ஏன் தம்பி? நீங்க ஒண்ணும் மாட்டலியே?"

அவன் போனை வைத்தான்.

நேரே போய்விடலாம் என்று பைக்கை வெளியே தள்ளினான். காரைக்காட்டுக்கு அப்பால் சாலையில் மரம் விழுந்திருக்கிறது, முட்லூர்ப் பக்கம் தண்ணீர் ஏறிவிட்டது, யாரும் வரவேண்டாம் என்று போலீஸ் ஜீப் ஒன்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டே போயிற்று. மறுபடி இளவரசியைக் கூப்பிட்டான்.

"நம்ம பாப்பாவக் கூட்டிக்கினு எதுத்த வீட்டுக்குப் போயிடு. எல்லாரும் போயிடுங்க."

"இந்தக் காத்துலயா? அவளுக்குப் பச்ச ஒடம்புங்க, கொழந்த பொறந்து வாரம் ஆவல. எதுக்குப் போவணும், அத சொல்லுங்க மொதல்ல."

எதைச் சொல்வது? அதற்குள் போன் மகளின் கைக்குப் போய்விட்டது. ப்ரீத்திக்கு இந்த வருடம்தான் முன்பல் விழுந்திருந்தது. பேச்சில் காற்று கலந்து வரும்.

"அப்பா, நீ எஞ்சின ஆஃப் பண்ணிட்டியா?"

"யாரு சொன்னா?"

"சமையக்கட்டுல உக்காந்திருக்காங்களே, அவுங்க. எழுந்திருக்க முடியாதாம்ப்பா. யாராச்சும் இழுத்தாதான் வருவாங்களாம். அம்மா அவுங்களப் பாக்கவே மாட்டுது. அவுங்க மேலயே நடந்து போவுது."

"பாப்பா, நான் சொல்றதக் கேளு. அவுங்க கிட்டப் போவாத. ரூமுக்குள்ள போயி அத்தகூடப் படுத்துக்க. போறியா?"

"சரிப்பா. ஆனா அவுங்க பாவம்ப்பா" என்றாள்.

போனைக் கையில் வைத்துக்கொண்டே அரசு எஞ்சினைப் பார்த்தான். ரம்பத்தை எடுத்து அந்தப் புல்லியை இந்த நிமிடமே அறுத்துப் போடலாம். போட்டால் அது அங்கேயே இருந்துவிடும். சமையல்கட்டில். அவன் மகள் சோறு தின்கிற இடத்தில். எழுந்திருக்க முடியாமல், எப்போதும். அவன் பாதியில் நிறுத்தியதால்தான் அது அங்கே உட்கார்ந்திருக்கிறது. இழுத்தால் அந்த வீட்டை விட்டு வெளியேறும். வயல், தண்ணீர், சாலை எல்லாம் கடந்து இங்கே வந்து சேரும். வரட்டும். இங்கே அவன் ஒருவன்தான்.

திருகைத் திறந்தான். சக்கரத்தின் ஆரக்காலைப் பிடித்து முழு பலத்தோடு இழுத்துச் சுற்றினான்.

டப்.

உடனே பாரம் ஏறியது. ஒரு வெடிக்கும் அடுத்த வெடிக்கும் நடுவே மூச்சே இல்லை. தோலும் குங்கிலியமும் நாறின. அவன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். போகிறது. நகர்கிறது. அந்த வீட்டை விட்டுப் போகிறது. ஒவ்வொரு வெடிக்கும் உள்ளுக்குள் எண்ணெய் விட்டது போல ஒரு ஆறுதல் இறங்கியது.

பிறகு எஞ்சின் ஒரு கணம் திக்கியது.

மிகச் சின்னத் திக்கல். வேறு யாருக்கும் கேட்டிருக்காது. ஓடுகிற மாட்டு வண்டியின் பின்பலகையில் யாரோ தொற்றி ஏறிக்கொண்டால் மாடு ஒரு எட்டுத் தவறி மறுபடி நடைபிடிக்குமே, அப்படி. வெடியின் கனம் மாறிவிட்டது. முன்னைவிடக் கொஞ்சம் தாழ்ந்த குரல். பாரம் கூடியிருக்கிறது. ரொம்ப இல்லை. ஒரு அரிசிச் சிப்பத்துக்கும் குறைவு. அவன் தோளில் தூக்கி வைத்துத் தேர் காட்டுகிற கனம்.

போன் அடித்தது. எடுப்பதற்கு முன்பே அவனுக்குத் தெரிந்துவிட்டது.

"என்னாங்க, பாப்பாவக் காணோம்!" இளவரசியின் குரல் கிழிந்து வந்தது. "இப்பதான் ரூமுக்குப் போறேன்னா, வாசக்கதவு தெறந்து கெடக்குது, செருப்பு இங்கயே கெடக்குது..."

திருகின் மேல் கை போயிற்று. நின்றது.

மூடினால்? மூடினால் எங்கே நிற்பார்கள்? எந்த வயலில், எந்தத் தண்ணீரில், எதன் பக்கத்தில்?

"அவ இங்கதான் வரா" என்றான்.

"என்னா சொல்றீங்க? என்னா பேசுறீங்க நீங்க?"

"இங்கதான் வரா, இளவரசி. நான் வர வைக்கிறேன்."

அதற்குப் பிறகு வெளிச்சம் குறைந்துகொண்டே போனது. அவன் எஞ்சினுக்குத் துணையாக நின்றான். எண்ணெய்க் கிண்ணங்களை நிரப்பினான், நீர்த்தொட்டியில் தண்ணீர் ஊற்றினான், வெடிச் சத்தத்தில் ஒன்று குறைகிறதா என்று எண்ணிக்கொண்டே இருந்தான். ராஜ்கமல் பைக்கை எடுத்துக்கொண்டு தேடப் போயிருந்தான். ஒரே ஒரு தடவைதான் அவனுடைய அழைப்பு வந்தது. காற்றில் பாதி வார்த்தைகள் பறந்தன.

"மாமா... முட்லூர் தாண்டி நிக்கிறேன்... ரோட்டுல முட்டிக்கால் தண்ணி மாமா... அதுக்கு நடுவுல ஒரு கோடு... தண்ணி ரெண்டு பக்கமும் ஒதுங்கி நிக்குது, மூட மாட்டுது... என்னா மாமா இது? வடக்கால போவுது..."

"பாப்பா தெரியறாளா? டேய் மச்சான்! பாப்பா?"

தொடர்பு அறுந்துவிட்டது. அதன்பின் டவரே இல்லை.

கேஸ் சிலிண்டரின் பக்கவாட்டில், உள்ளே இருக்கிற வாயுவின் மட்டம்வரை பூத்திருந்த வேர்வைக் கோடு அடிவரை இறங்கிவிட்டதை அவன் கொஞ்சம் தாமதமாகத்தான் பார்த்தான். எஞ்சின் இருமியது. வீட்டுக்குள் ஓடி, இன்னொரு சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்து, குழாயைக் கழற்றிய நேரத்தில் வெடி நின்றே போனது. சக்கரங்கள் தளர்ந்தன. அவன் ஒரு கையால் ரெகுலேட்டரைத் திருகிக்கொண்டு, மறு கையால் சக்கரத்தைப் பிடித்துத் தள்ளினான். நிற்கக் கூடாது. நிற்கக் கூடாது. உள்ளங்கையில் அந்தப் பாரத்தை அவன் நேராக உணர்ந்தது அப்போதுதான். சக்கரத்தின் இரும்பு வழியாக, அச்சு வழியாக, எவ்வளவோ தூரத்திலிருந்து. பெரிய கனம் ஒன்று, அசைவில்லாமல், சேற்றில் கிடக்கிற உரல் போல. அதோடு சின்னக் கனம் ஒன்று. அது அசைந்தது. துள்ளியது. விளையாட்டுக்குக் கையைப் பிடித்து இழுப்பது போல இரண்டு தடவை வெடுக் வெடுக்கென்று இழுத்துப் பார்த்தது.

அவன் அழுதுகொண்டே தள்ளினான். வாயு வந்தது. டப்.

நன்றாக இருட்டிவிட்டது. சார்ஜர் விளக்கைக் கதவு நிலையில் தொங்கவிட்டான். தெருவில் ஒரு விளக்கும் இல்லை. மழைக் கம்பிகள். அவற்றுக்குப் பின்னால் கறுப்பு.

டப், டப், டப், டப்.

பிறகு...

டப். புஸ். டப். புஸ், புஸ்.

அரசு திரும்பினான். பாரம் குறைகிறது.

டப். புஸ், புஸ், புஸ், புஸ்.

கவர்னர் கொக்கி விழுந்துவிட்டது. எஞ்சின் லேசாக, சுகமாக, சும்மா உருண்டது. ஒன்றையும் இழுக்காத எஞ்சின் எப்படி ஓட வேண்டுமோ அப்படி. அவன் இத்தனை நாளும் கேட்க ஆசைப்பட்ட ஓட்டம்.

விட்டுவிட்டதா? வழியிலா? எங்கே?

அவன் கதவைப் பார்த்தான்.

சாலைமேல் நின்ற தண்ணீரில் ஒரு கோடு. தெற்கேயிருந்து. தண்ணீர் இரண்டாகப் பிரிந்து விலக, கோடு நீண்டு வந்தது. விளக்கு வெளிச்சத்தின் விளிம்புக்குள் முதலில் ஒரு மஞ்சள் கவுன்.

ப்ரீத்தி.

முழுக்க நனைந்திருந்தாள். முடி நெற்றியில் ஒட்டியிருந்தது. வலது கை முன்னால் நேராக நீண்டு, எதையோ பிடித்தபடி மூடியிருந்தது. அவனைப் பார்த்துப் பல்லில்லாமல் சிரித்தாள்.

அவள் கால் எடுத்து வைக்கவில்லை. நின்றபடியே வந்தாள்.

அவள் கைக்கு முன்னால், உட்கார்ந்த ஆளின் உயரத்தில், அதைவிட அகலமாக, மழை விழாத ஓர் இடம். சுற்றிலும் மழை. அங்கே மட்டும் இல்லை.

அவன் திருகை மூடினான். வெடி அடங்கியது. சக்கரங்கள் உருண்டுகொண்டே இருந்தன. புஸ். புஸ். புஸ். மூலையில் கிடந்த கட்டையைத் தூக்கிச் சக்கரத்தின் விளிம்பில் கொடுத்து நெஞ்சால் அழுத்தினான். கட்டை கருகியது. புகை. கை தோல் உரிந்தது. விடவில்லை.

சக்கரம் நின்றது.

மழைச் சத்தம் மட்டும்.

"பாப்பா, நில்லு. அங்கயே நில்லு கண்ணு."

ப்ரீத்தி நிற்கவில்லை. எஞ்சின் இழுக்காமலே, அசையாத கால்களோடு சாலையை விட்டு இறங்கினாள். வாசலுக்கு வந்தாள். மழை விழாத இடம் அவளுக்கு முன்னால் வந்தது. நிலையைத் தொட்டது. கூரைக்கு அடியில் நுழைந்தது.

உள்ளே மழை இல்லை. அது எங்கே இருக்கிறது என்று காட்ட இனி ஒன்றும் இல்லை.

குங்கிலியம் நாறியது. சிமெண்ட் தரையில் எதுவோ இழுபடுகிற ஓசை, மெதுவாக, எஞ்சினைத் தாண்டி. அவள் கை மட்டும் அதைப் பிடித்தபடி, அது போகிற பக்கமெல்லாம் திரும்பியது.

திரும்பித் திரும்பி, அவனுக்கு நேராக வந்து நின்றது.